அச்சுப் பொருள் எந்தத் தலைப்பில் சேரும்? சுங்க வகைப்பாட்டில் தீராத ஒரு கேள்வி

ஒரு சரக்குக்கு வரி எவ்வளவு என்று கணக்கிடும் முன், அது என்ன சரக்கு என்று முடிவு செய்தாக வேண்டும். அச்சுத் தொழிலுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களில் இந்த முதல் படியிலேயே வழக்கு தொடங்கிவிடுகிறது. சுங்கக் கட்டணப் பட்டியலில் மை 32ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒளியுணர் பூச்சுள்ள பிளேட் 37இலும், காகிதம் 48இலும், அச்சாகி முடிந்த நூல் 49இலும், வெறும் அலுமினியத் தகடு 76இலும், அச்சு இயந்திரம் 84இலும் உள்ளன. ஒரே அச்சகத்துக்குள் அருகருகே இருக்கும் பொருள்கள் பட்டியலில் ஆளுக்கொரு மூலையில் நிற்கின்றன. எல்லைக் கோட்டில் நிற்கும் பொருள் எந்தப் பக்கம் சேரும் என்பதற்கு நூறாண்டாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன.

சென்னைக்கு இது தொலைவான விஷயம் அன்று. மயிலாப்பூரில் 1891இல் மெட்ராஸ் லா ஜர்னலும் 1901இல் அல்லயன்ஸ் பதிப்பகமும் தோன்றின. அடையாறில் பிரம்மஞான சபையின் வசந்தா அச்சகம் 1908இல் அமைந்தது. தியாகராய நகரில் வானதி, மணிமேகலை, கண்ணதாசன் எனப் பதிப்பகங்கள் வரிசையாக வளர்ந்தன. இப்படிப்பட்ட தெருக்களில் அச்சாகும் நூலின் விலையில் காகிதமும் பிளேட்டும் மையும் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றை உள்நாட்டு ஆலையில் வாங்கினாலும், அந்த விலை இறக்குமதி விலையைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. ராஜாஜி சாலை சுங்க மாளிகையின் கணக்கில் வரும் ஒரு தலைப்பு எண் நூலின் கடைசி அட்டை விலைவரை போய்ச் சேருகிறது.

இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும், அவை பிறந்த இடங்களையும், அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பட்டியல் வந்த வழி

பிரிட்டிஷ் அரசு 1925இல் மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எழுதும் காகிதத்துக்கும் அச்சுக் காகிதத்துக்கும் ராத்தலுக்கு ஓர் அணா பாதுகாப்பு வரி விதித்தது. இயந்திரத்தால் அரைத்த மரக்கூழ் 65 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள நியூஸ்பிரிண்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உள்நாட்டு ஆலைகள் மூங்கிலிலிருந்து நல்ல காகிதம் செய்தன. நாளிதழ்க் காகிதம் செய்ய அன்று அவற்றால் இயலவில்லை. எனவே இரண்டையும் பிரிக்க ஒரு கோடு தேவைப்பட்டது. கூழின் அளவே அந்தக் கோடாயிற்று. இன்றைய விவாதத்தின் விதை இங்கே இருக்கிறது: ஒரு தொழிலைக் காக்கவும் இன்னொரு தொழிலுக்கு மூலப்பொருள் கொடுக்கவும் விரும்பிய அரசு, அந்தக் கொள்கையை ஒரு நார்க்கணக்காக மாற்றி எழுதியது.

பின்பு 1934ஆம் ஆண்டின் கட்டணச் சட்டமும், பிரஸ்ஸல்ஸ் பெயர்முறையைத் தழுவிய 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டமும் வந்தன. 1986இல் இந்தியா ஹார்மனைஸ்டு சிஸ்டம் என்னும் உலகப் பொது வகைப்பாட்டுக்கு மாறியது. அதன் முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. அதற்குமேல் 2 இலக்கங்களை இந்தியா சேர்த்துக்கொள்கிறது. பொதுமொழி வந்ததும் சச்சரவு குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒரு பகுதி குறைந்தது. ஆனால் எல்லைப் பொருள்களின் தகராறு புதிய சொற்களில் தொடர்ந்தது.

முதல் நிலைப்பாடு: எதனால் ஆனது என்று பார்

பொருளின் கட்டமைப்பே அதன் வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது முதல் நிலைப்பாடு. ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்லலாம். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. இதுவே இதன் பெரும் வலிமை.

தலைப்பு 4801இல் வரும் நியூஸ்பிரிண்டின் இன்றைய விளக்கம் இதற்கு நல்ல சான்று. மொத்த நாரில் குறைந்தது 50 சதவீதம் இயந்திர முறையிலோ வேதி-இயந்திர முறையிலோ எடுத்த மரநாராக இருக்க வேண்டும். எடை சதுர மீட்டருக்கு 40 முதல் 65 கிராம் (ஜி.எஸ்.எம்.) வரை இருக்க வேண்டும். இரு பக்கமும் மேற்பரப்பின் கரடுமுரடு 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். வார இதழ்கள் விரும்பும் லேசான பூச்சுக் காகிதமான எல்.டபிள்யூ.சி.க்கும் இதே போல அளவுண்டு: மொத்தம் 72 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போகக்கூடாது, ஒரு பக்கத்துப் பூச்சு 15 ஜி.எஸ்.எம்.மைத் தாண்டக்கூடாது.

பலவீனமும் இந்தத் துல்லியத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் நிறுவப்பட்டு, கரூரை அடுத்த காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து நியூஸ்பிரிண்ட் செய்து காட்டியது. நாளிதழ்கள் அதில் அச்சாயின. வாசகர் வேறுபாடு காணவில்லை. ஆனால் மேற்கண்ட விளக்கத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், சக்கை நார் மரநார் ஆகாது. அத்தகைய காகிதம் வெளிநாட்டிலிருந்து வந்தால் 4801இல் சேருவது கடினம். பூச்சில்லாத எழுது, அச்சுக் காகிதத்துக்கான 4802க்குப் போகவே வாய்ப்பு அதிகம். வடக்கத்திய ஊசியிலைக் காடுகளை மனத்தில் வைத்து எழுதிய வரையறை, கரும்பும் மூங்கிலும் வைக்கோலும் கூழாகும் நாடுகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

பிளேட்டின் கதை இன்னும் சிக்கலானது. ஆஃப்செட் அச்சுக்கான அலுமினியத் தகடு, பூச்சு ஏறாத நிலையில் 76ஆம் அத்தியாயம். ஒளியுணர் பூச்சு ஏறி, இன்னும் ஒளி படாத நிலையில் 3701. படம் பதிந்து அச்சிடத் தயாரானதும் 8442. ஒரே தகடு, மூன்று நிலைகள், மூன்று அத்தியாயங்கள். சீனா, ஜப்பான், தென்கொரியா, தைவான், வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த டிஜிட்டல் பிளேட்டுகள் மீது 2020இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தபோது, அரசே 37, 76, 84ஆம் அத்தியாயங்களைச் சேர்ந்த பல எண்களைக் குறிப்பிட வேண்டியிருந்தது. வணிகத்தில் ஒன்றாக விற்கும் பொருள், கட்டமைப்பை மட்டும் பார்க்கும் பட்டியலில் ஒன்றாக நிற்கவில்லை என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று.

இரண்டாம் நிலைப்பாடு: சந்தை என்ன சொல்கிறது என்று கேள்

வாங்குபவரும் விற்பவரும் எதை என்னவென்று அறிகிறார்களோ அதுவே வகை என்பது இரண்டாம் நிலைப்பாடு. விற்பனை வரி வழக்கொன்றில் வெற்றிலை காய்கறி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் சொன்னது முதல் இம்முறை இந்தியச் சட்டத்தில் ஆழ வேரூன்றியது. சுங்கத் துறையில் இதை உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் ஒன்றில் சென்னையின் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியும் ஒரு தரப்பு. டயர்த் தொழிலுக்கு வந்த வி.பி. லேட்டக்ஸ் ரப்பரா, ரெசினா என்பது கேள்வி. வணிகம் அதை ரப்பராகவே அறிகிறது. இறக்குமதி ஆகும் தருணத்தில் அது எந்நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். பின்னால் எதற்குப் பயன்படும் என்பது முடிவைத் தீர்மானிக்காது என்று 1975இல் நீதிமன்றம் கூறியது.

அச்சுப் பொருளில் இம்முறை கலால் வழக்குகள் வழியே வளர்ந்தது. 1994இல் ரோலாடெய்னர்ஸ் வழக்கில், அச்சிட்ட அட்டைப்பெட்டி அச்சுத் தொழிலின் பொருளா, பொதிதல் தொழிலின் பொருளா என்று கேட்கப்பட்டது. வாங்குபவர் பெட்டி வேண்டும் என்றுதான் கேட்கிறார்; அச்சு அதில் துணை; எனவே அது பொதிதல் தொழிலுடையது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு ஆண்டுகளில் வந்த மெட்டாகிராஃப்ஸ் வழக்கில், அச்சிட்ட அலுமினிய லேபிளை அதே நீதிமன்றம் அச்சுத் தொழிலின் பொருள் என்றது. எழுத்தும் படமும் இல்லையென்றால் அது லேபிளே இல்லை என்பது காரணம். 2015இல் ஹோலோஸ்டிக் வழக்கில் பாதுகாப்பு ஹோலோகிராமும் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டியலிலிருந்து விலகி அச்சுப் பொருளாயிற்று.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு நியாயம் தெரிகிறது: அச்சை நீக்கினால் பொருளின் பயன் நிற்கிறதா, அழிகிறதா? பெட்டி நிற்கிறது; லேபிளும் ஹோலோகிராமும் அழிகின்றன. உலக வகைப்பாட்டின் விதியும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. பிளாஸ்டிக்கிலோ காகிதத்திலோ உள்ள அச்சு, அப்பொருளின் முதன்மைப் பயனுக்கு வெறும் துணையாக இல்லாவிட்டால், சில விலக்குகள் தவிர, அது 49ஆம் அத்தியாயத்துக்குப் போகும்.

ஆனால் இம்முறையும் முழு விடை தருவதில்லை. காகித லேபிளுக்கு 4821 என்று தனித்தலைப்பு உண்டு. அதில் அச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான் சேரும். அலுமினிய லேபிளுக்கு ஒரு நியாயம், காகித லேபிளுக்கு ஒரு நியாயம் ஆகிவிடுகிறது. மேலும் சந்தை வழக்கு ஊருக்கு ஊர் மாறும். அதை நிரூபிக்க வணிகர்களின் சாட்சியம் வேண்டும். பெரிய நிறுவனம் அதைத் திரட்டும்; ஆண்டுக்கு ஓரிரு முறை சரக்கு வரவழைக்கும் சிறு பதிப்பாளரால் முடிவது அரிது.

மூன்றாம் நிலைப்பாடு: எதற்கு, யாருக்கு என்று கேள்

வி.பி. லேட்டக்ஸ் தீர்ப்பு பின்பயனை ஒதுக்கினாலும், அரசின் விலக்கு அறிவிப்புகள் அதையே வாசலில் நிறுத்தி வைத்துள்ளன. நியூஸ்பிரிண்டுக்குச் சலுகை பெற, இறக்குமதியாளர் பதிவு பெற்ற இதழோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீண்ட காலமாக உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், நோட்டுப்புத்தகம் செய்யும் பூச்சில்லாக் காகிதத்துக்கு வரி இல்லை என்றும், மற்றப் பயனுக்கு 18 சதவீதம் என்றும் ஆயிற்று. இறக்குமதியின்போது விதிக்கும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும் இதே வழி செல்லும். காகித உருளையில் எந்த வேறுபாடும் இல்லை. அது போய்ச் சேரும் இடத்தில்தான் வேறுபாடு.

இந்நிலைப்பாட்டின் பின்னால் உயர்ந்த நோக்கம் உண்டு. கல்விக்கும் செய்திக்கும் உரிய பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே அது. கல்வி, அறிவியல், பண்பாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதி வரி கூடாது என்று யுனெஸ்கோ 1950இல் உருவாக்கிய ஃப்ளாரன்ஸ் உடன்படிக்கையும் இதே எண்ணத்தில் எழுந்தது. இதன் இன்னொரு முனை அரசியல் சாசனத்தைத் தொடுகிறது. 1981 முதல் நியூஸ்பிரிண்ட் மீது விதித்த இறக்குமதி வரியை எதிர்த்து இந்தியன் எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1984 டிசம்பரில் வந்த தீர்ப்பு, நாளிதழ்த் தொழிலுக்கு வரி கூடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அறிவின் மீதான வரியாக அது மாறிவிடக் கூடாது என்று எச்சரித்து, வரியை மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்கு ஆணையிட்டது. சிறிய, நடுத்தர, பெரிய இதழ் என்ற பாகுபாட்டை ஏற்றுக்கொண்டது. வகைப்பாடு வெறும் கணக்கு வேலை அன்று, பேச்சுரிமையோடு பிணைந்தது என்பதை நிலைநாட்டிய தீர்ப்பாக இது இன்றும் மதிக்கப்பட வேண்டும்.

பலவீனம் கண்காணிப்பில் இருக்கிறது. சரக்கு துறைமுகத்தைத் தாண்டிய பிறகு எங்கே போகிறது என்று யார் பார்ப்பது? சான்றிதழ், பத்திரம், கணக்கு ஒப்படைப்பு எனக் காகித வேலை பெருகுகிறது. அதோடு நிரூபிக்கும் பொறுப்பும் இங்கே தலைகீழாகிறது. தலைப்பு எண் தகராறில் துறையே தன் வாதத்தை நிரூபிக்க வேண்டும் என்று 2006இல் எச்.பி.எல். கெமிக்கல்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. விலக்கு அறிவிப்பில் ஐயம் வந்தால் பலன் அரசுக்கே என்று 2018இல் திலீப்குமார் வழக்கில் ஐவர் அமர்வு சொன்னது. ஒரே காகித உருளைக்கு வகையைக் கேட்கும்போது ஒரு நியதியும், சலுகையைக் கேட்கும்போது எதிர் நியதியும் ஆகிறது.

நூலும் பொம்மையும் வரைபடமும்

இந்த மூன்று நிலைப்பாடுகளும் மோதும் இடமாக 49ஆம் அத்தியாயம் இருக்கிறது. அங்கே அச்சு என்பதற்கு அகன்ற பொருள் தரப்படுகிறது: கணினிவழி எடுத்த பிரதி, புடைப்பு எழுத்து, ஒளிநகல், தட்டச்சுகூட அடங்கும். அதே சமயம் முழுக்க விளம்பரத்துக்கான வெளியீடு 4901இல் நூலாகச் சேராது, 4911க்குப் போகும். ஒரு விற்பனைப் பட்டியலில் எத்தனை பக்கம் கட்டுரை இருந்தால் அது நூலாகும் என்பதற்கு அளவுகோல் எதுவும் வகுக்கப்படவில்லை.

குழந்தைப் படப்புத்தகம் 4903. பக்கத்தைத் திருப்பினால் எழுந்து நிற்கும் உருவங்கள் இருந்தாலும் அங்கேயே நிற்கலாம். ஆனால் அடிப்படையில் விளையாட்டுப் பொருளாக இருந்தால் 9503. இந்த எல்லை முன்பு பெரிதாகத் தோன்றவில்லை. 2019 ஜூலை பட்ஜெட் இறக்குமதி நூல்களுக்கு 5 சதவீத வரி விதித்தது. 2020 பட்ஜெட் பொம்மைகளின் வரியை 20இலிருந்து 60 சதவீதமாக்கியது. அதன் பிறகு ஒலி எழுப்பும் புத்தகமும் வெட்டி ஒட்டும் புத்தகமும் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குக் கனம் கூடியது. வரி இடைவெளி அகலும்போது வகைப்பாட்டுத் தகராறும் வளர்கிறது.

தொழில்நுட்ப வரைபடங்கள் வேறொரு சிக்கல். தாளின் மதிப்பு சில ரூபாய், அதில் உள்ள அறிவின் மதிப்பு கோடிகள் என்னும்போது எதற்கு வரி? அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், கருத்து ஓர் ஊடகத்தில் பதிந்து வந்துவிட்டால் அது சரக்கே என்றும், முழு மதிப்பும் கணக்கில் வரும் என்றும் தீர்த்தது. அதே கோப்பு இணையவழி வந்தால் துறைமுகத்தில் எதுவும் இறங்குவதில்லை. ஊடகம் மாறினால் வரி மாறும் இந்த நிலை இன்னும் தெளிவாக விடையளிக்கப்படாத ஒன்று.

இயந்திரமும் அதன் உணவும்

84ஆம் அத்தியாயத்தில் கணினித் தொழில்நுட்பம் பழைய கோடுகளைக் கலைத்தது. பிரதி, ஸ்கேன், பேக்ஸ், அச்சு அனைத்தும் செய்யும் இயந்திரம் எதுவாகும்? 2010இல் ஜெராக்ஸ் இந்தியா வழக்கில், பாகங்களிலும் செலவிலும் பெரும்பகுதி அச்சிடும் பணிக்கே என்று கண்ட உச்ச நீதிமன்றம் அதைக் கணினியின் பிரிண்டர் என்றது. உலக வகைப்பாடு 2007 பதிப்பிலேயே 8443.31 என்று தனி இடம் கொடுத்து அக்கேள்வியை முடித்துவைத்தது. ஆனால் பக்கத்தில் புதிய கேள்வி முளைத்தது. கணினியோடு இணையக்கூடிய பிரிண்டர் 8443.32, மற்றது 8443.39. இன்று பேனர் அடிக்கும் பெரிய இன்க்ஜெட் இயந்திரமும் கணினி இல்லாமல் இயங்காது. மேசைப் பிரிண்டருக்காகத் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை தந்த வரிவிலக்கு ஒரு தொழிற்கூட இயந்திரத்துக்கும் உரியதா? எழுத்து ஆம் என்று சாய்கிறது, நோக்கம் தயங்குகிறது.

கார்ட்ரிட்ஜில் நாடுகளே பிரிந்து நிற்கின்றன. அச்சுத்தலை இல்லாத மைக் கார்ட்ரிட்ஜ் வெறும் மையின் கொள்கலம், எனவே 3215 என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் டர்பன் வழக்கில் கூறியது. இந்தியப் பட்டியலோ அச்சுத்தலை உள்ளதற்கும் இல்லாததற்கும் பிரிண்டர் பாகங்களுக்கான 8443.99இன் கீழேயே இடம் ஒதுக்கியுள்ளது. 6 இலக்கம் வரை உலகம் ஒன்று என்ற உறுதிமொழி இங்கே தளர்கிறது.

யார் முடிவு செய்வது?

2011 முதல் இறக்குமதியாளரே பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி ஆவணத்தில் தலைப்பு எண்ணைக் குறிப்பிட்டு வரியைத் தானே கணக்கிட வேண்டும். தவறு என்று துறை கருதினால் 2 ஆண்டுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு. 2020 ஜூன் 8 அன்று முகமறியா மதிப்பீடு சென்னையிலும் பெங்களூருவிலும் முதலில் தொடங்கியது. 84, 85ஆம் அத்தியாயங்களே தொடக்கம். சென்னைக்கு வரும் அச்சு இயந்திரத்தின் ஆவணத்தை வேறு நகரத்து அதிகாரி பார்க்கலாம். ஊருக்கு ஊர் வேறு முடிவு என்ற குறை இதனால் குறையும் என்பது ஆதரவாளர் வாதம். சரக்கைத் தொட்டுப் பார்த்து மேப்லித்தோ என்னும் அச்சுக் காகிதத்தையும் நியூஸ்பிரிண்டையும் பிரித்தறிந்த அனுபவம் இழக்கப்படும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முன்கூட்டியே தீர்ப்புப் பெறும் ஆணையம் 2021 முதல் தில்லியிலும் மும்பையிலும் இயங்குகிறது, சென்னையில் இல்லை. நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வில் வகைப்பாட்டு வழக்கில் தோற்றவர் அடுத்து நேராக உச்ச நீதிமன்றம் போக வேண்டும். வகை பற்றிய கேள்வியில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

எங்கே நிற்கிறோம்

தலைப்பின் வாசகமும் அத்தியாயக் குறிப்புமே முதல் ஆதாரம். அவை பேசாத இடத்தில் மட்டுமே சந்தை வழக்குக்கு இடம். வாசகமே கேட்டால் ஒழிய பின்பயன் நுழையக் கூடாது. இந்த வரிசைமுறை இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிட்டது. அச்சு முதன்மையா துணையா என்ற சோதனையும் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

தீராதவை மூன்று. மரநாரை அடிப்படையாகக் கொண்ட நியூஸ்பிரிண்ட் விளக்கம் மாற்று நார்களுக்கு எப்போது திறக்கும்? அச்சும் மின்னணுவும் கலந்த நூலை எது நூலாக்குகிறது? தொழிற்கூட டிஜிட்டல் இயந்திரங்களுக்கு இணைப்புத் திறன் ஒன்றே போதிய அளவுகோலா? 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் வகைப்பாட்டின் அடுத்த பதிப்பு சிலவற்றைத் தொடலாம். எல்லாவற்றையும் முடிக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

கடந்த காலம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. விளக்கங்களை நுணுக்கமாக்கியதால் மட்டும் தகராறு ஓய்ந்ததில்லை. அருகருகே உள்ள தலைப்புகளின் வரி நெருங்கியபோதுதான் ஓய்ந்தது. நியூஸ்பிரிண்டுக்கு 2019இல் 10 சதவீதம், 2020இல் 5 சதவீதம் என ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும், ஆசியான் ஒப்பந்த நாடுகளிலிருந்து பல காகித வகைகள் வரியின்றி வருவதும் இடைவெளிகளைப் பெருக்குகின்றன. உள்நாட்டு ஆலைகளைக் காப்பது நியாயமான நோக்கமே. ஆனால் அதைக் காகித வகைகள் அனைத்துக்கும் ஒரே சீரான, பல ஆண்டு மாறாத வீதத்தால் செய்ய முடியுமானால், நார்க்கணக்கில் நடக்கும் வழக்குகளில் பெரும்பகுதி தேவையற்றுப் போகும். அதுவரை, சென்னையிலேயே முன்தீர்ப்புக்கு ஓர் அமர்வும், முன்தீர்ப்புகளின் சுருக்கத்தைத் தமிழில் வெளியிடும் ஏற்பாடும் சிறு பதிப்பாளருக்கு உடனடியாக உதவக்கூடியவை. நூல்களுக்கு வரி எவ்வளவு என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கலாம். அது எவ்வளவு என்று சரக்கு கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.